சித்திரையில் முடி கொட்டாத குதிரை: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சிறிய குதிரையேற்றப் பள்ளியிலிருந்து ஏப்ரல் கடைசியில் அழைப்பு வந்தது. பள்ளியை நடத்தும் அம்மையார் சிகிச்சை எதுவும் கேட்கவில்லை. "டாக்டர், உங்ககிட்ட பெரிய கிளிப்பிங் மெஷின் இருக்காமே, ஒரு நாள் தர முடியுமா? கிழவனுக்கு முடி ஜாஸ்தி, வெயில் தாங்க மாட்டேங்குது" என்றார். கிழவனின் வயதையும் இனத்தையும் கேட்டேன். 21 வயது, தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனம், காயடித்த ஆண் குதிரை. மெஷினோடு ஸ்டெதஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் எளிது. தரோபிரெட் என்றால் மெல்லிய தோல், குட்டை முடி. அதுவும் சென்னையில் வாழும் தரோபிரெட்டுக்கு மார்கழியில்கூட முடி பெரிதாக அடர்வதில்லை. அப்படிப்பட்ட குதிரைக்குச் சித்திரையில் மூச்சு வாங்கும் அளவுக்கு முடி இருக்கிறதென்றால், முடியை எடுப்பது பாதி வேலைதான். அது ஏன் கொட்டாமல் நிற்கிறது என்பது மீதிப் பாதி.

முதல் பரிசோதனை

இளமையில் பந்தயத்தில் ஓடி, அங்கிருந்து ஓய்வு பெற்று, பிறகு பல வருடங்கள் குழந்தைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுத்த பழுப்பு நிறக் குதிரை. பிள்ளைகள் வைத்த பெயர் கரடி. பார்த்ததும் பெயரின் பொருத்தம் புரிந்தது. கழுத்திலும் தோளிலும் நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு முடி. தாடையின் அடியிலும் வயிற்றுக்கு அடியிலும் கால்களின் பின்பக்கத்திலும் அதைவிட நீளம். லேசாகச் சுருண்டு, நுனிகள் வெளுத்து, விரலை உள்ளே விட்டால் தோலை ஒட்டி ஈரமும் சூடும் தெரிந்தது.

காலை ஏழு மணிக்கு உடல் வெப்பம் 38.1 டிகிரி செல்சியஸ், மூச்சு நிமிடத்துக்கு 24. பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி எடுத்தபோது வெப்பம் 39.5, மூச்சு 72, நாடித் துடிப்பு 60. அன்று சவாரி எதுவும் இல்லை. நிழலில் சும்மா நின்ற குதிரை இது. ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான குதிரைக்கு வெப்பம் 37.2 முதல் 38.3 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும் இருக்க வேண்டும். சென்னைக் கோடையில் மூச்சு சற்றுக் கூடுதலாக இருப்பதை ஏற்கலாம். 72 என்பதை ஏற்க முடியாது.

பல வருடங்களாகக் கரடியைக் கவனித்துக்கொள்ளும் சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். குதிரை மருத்துவத்தில் பாதி நோயறிதல் சைஸ்கள் சொல்வதில் இருக்கிறது. அதையும் அவர்கள் தானாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

"போன வருஷமும் இப்படித்தான் டாக்டர். ஆடி வரைக்கும் கொட்டல. அதுக்கு முந்தின வருஷம் கால்லயும் தாடையிலயும் மட்டும் நின்னுது. வயசாயிடுச்சு, அதான்னு நினைச்சேன்."

"தண்ணி எப்படிண்ணா குடிக்கிறான்?"

"அது கேக்காதீங்க. மத்த குதிரைக்கு ஒரு தொட்டின்னா இவனுக்கு ரெண்டு. காலையில வந்து பாத்தா கீழே போட்ட வைக்கோல் பூரா நனைஞ்சு கிடக்கும்."

இந்த நாலு வாக்கியங்களிலேயே விஷயம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முதலில் தாடையிலும் கால்களிலும் மட்டும் முடி நிற்பது, அடுத்த வருடம் உடம்பு முழுக்கத் தாமதமாகக் கொட்டுவது, பிறகு கொட்டாமலே போவது. கூடவே அதிகத் தண்ணீர், அதிகச் சிறுநீர். கையால் தடவிப் பார்த்தால் முதுகுத் தசை கரைந்திருந்தது, வயிறு தொங்கியது. கண்ணுக்கு மேலே வழக்கமாகக் குழிந்திருக்கும் இடம் கொழுப்பால் நிரம்பிப் புடைத்திருந்தது. குளம்புகளில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடாத, பின்பக்கம் போகப்போக விரியும் வளையங்கள். லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி முன்பே சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது என்பதற்கு அவை அடையாளம்.

என்ன நோய்

வயதான குதிரைகளுக்கு வரும் பி.பி.ஐ.டி. என்ற பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு இது. பேச்சு வழக்கில் குஷிங் நோய் என்பார்கள். மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியிலிருந்து வரும் சில நரம்புகள் டோபமைனைச் சுரந்து பிட்யூட்டரியின் நடுப்பகுதியைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. வயதாக ஆக இந்த நரம்புகள் சிதைகின்றன. கட்டுப்பாடு தளர்ந்ததும் அந்த நடுப்பகுதி பெருத்து, ஏ.சி.டி.எச். உள்ளிட்ட ஹார்மோன்களை அளவுக்கு மீறி வெளியிடுகிறது. தசை கரைவது, தண்ணீர்த் தாகம், நோய் எதிர்ப்பு குறைவது எல்லாம் இந்தக் கோளாற்றின் விளைவுகள். 15 வயதைத் தாண்டிய குதிரைகளில்தான் இது பரவலாகத் தெரிகிறது.

முடிக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குதிரை முடி வளர்ப்பதும் கொட்டுவதும் முதன்மையாகக் குளிரையோ வெயிலையோ பார்த்து அல்ல, பகலின் நீளத்தைப் பார்த்து. பகல் நீள நீள மெலடோனின் குறைகிறது, புரோலாக்டின் கூடுகிறது, பழைய முடி உதிர்கிறது. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூன் பகல் பதினாறரை மணி நேரம். சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். அதனால்தான் இங்குள்ள குதிரைகளிடம் பருவ மாற்றம் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஆரோக்கியமான ஒரு குதிரை தையிலும் சித்திரையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். பிட்யூட்டரி கெட்டால் இந்தக் கடிகாரம் குழம்பி, முடி வளர்ச்சிக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது.

முடி தாமதமாகக் கொட்டுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. குடற்புழு, தீனிக் குறைவு, நாட்பட்ட வேறு நோய்கள். சாணத்தைப் பரிசோதித்தோம், புழு முட்டை ஓரளவு இருந்தது. பற்களின் ஓரங்கள் கூர்மையாக இருந்தன, அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் புழுவாலும் பல்லாலும் குதிரை இளைக்கும். இரண்டு மூன்று வருடங்களாகக் கூடிக்கொண்டே போகும் இப்படி ஒரு முடி வராது. வயதான குதிரையிடம் இவ்வளவு நீளமான, கொட்டாத முடி என்பது ஏறக்குறைய பி.பி.ஐ.டி.யின் கையெழுத்து.

உறுதி செய்ய ரத்தத்தில் ஏ.சி.டி.எச். பார்த்தோம். சோதனையை விட மாதிரியைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதுதான் இங்கே பாடு. ரத்தம் உறையாமல் வைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரிலேயே அனுப்ப வேண்டும். வெயிலில் ஒரு மணி நேரம் பைக் பெட்டியில் கிடந்தால் அளவு சரிந்து, நோயே இல்லை என்று முடிவு வந்துவிடும். எங்களுக்கு வந்த முடிவு இயல்பின் மேல் எல்லையைவிடப் பல மடங்கு. இன்சுலினும் சற்றுக் கூடுதல். இரண்டாவதற்கு ஒரு பங்குதாரர் இருந்தார்: சவாரி முடிந்ததும் பிள்ளைகள் ஆசையாக ஊட்டும் வெல்லக் கட்டி. அன்றே நிறுத்தச் சொன்னேன். குளம்பில் வளையம் விழுந்த குதிரைக்கு வெல்லம் கொடுப்பது விளையாட்டல்ல.

ஏன் உடனே முடியை எடுத்தோம்

பெர்கோலைட் மாத்திரை கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்ற கணக்கில், தினம் ஒரு வேளை என ஆரம்பித்தோம். டோபமைன் செய்யவேண்டிய வேலையை இந்த மருந்து செய்கிறது. முதல் வாரத்தில் தீனியில் நாட்டம் குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். அளவைப் பாதியாக்கி, சில நாளில் மெல்ல ஏற்றியதும் சரியாகிவிட்டது.

மருந்து ஆரம்பித்துவிட்டோமே, முடி தானாகக் கொட்டட்டும் என்று காத்திருக்கலாமா? முடியாது. சுறுசுறுப்பும் தாகமும் வாரங்களில் சீராகும். முடிக்கு மாதங்கள் ஆகும். இடையில் அக்னி நட்சத்திரம் இருக்கிறது. மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும் அந்த வெயிலில், நிழலில் நிற்கும்போதே 39.5 காட்டும் குதிரையை அப்படியே விட முடியாது.

குதிரை தன் சூட்டை முக்கியமாக வியர்வையால் தணிக்கிறது. அதன் வியர்வையில் லேத்தரின் என்ற ஒரு புரதம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள முடியின் ஊடாக வியர்வை படர்ந்து விரைவில் ஆவியாக உதவுவது அதுதான். ஓடி வந்த குதிரையின் கழுத்தில் நுரை கட்டுவதும் அதனால்தான். முடி குட்டையாக இருந்தால் தோலுக்குப் பக்கத்திலேயே வியர்வை ஆவியாகி, தோலின் சூட்டை எடுத்துப்போகிறது. முடி நீளமாக இருந்தால் வியர்வை முடிக்குள் தேங்குகிறது. தோலை ஒட்டி ஈரக் காற்று அசையாமல் நிற்கிறது. ஆவியாவது நுனியில் நடக்கிறது, தோலுக்குப் பெரிய பலன் இல்லை.

கடலோர ஈரப்பதம் இதற்கு மேல் இன்னொரு சுமை. குதிரைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 150-ஐத் தாண்டும்போது வியர்வையின் வேலை மந்தமாகிறது, 180-ஐத் தாண்டினால் ஆபத்து. சென்னையில் 100 டிகிரி வெயிலும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்து 160 என்பது மே மாதத்தில் சாதாரண பிற்பகல். கூட்டிப் பார்க்கும் இந்த முறையை விஞ்ஞானக் கறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லாயத்தில் யார் வேண்டுமானாலும் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

முடி எடுத்த காலை

முதல் நாள் காலையே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முழுக்கக் காயவிட்டோம். அழுக்கும் பொடுகும் நிறைந்த முடியில் ஓட்டினால் எவ்வளவு நல்ல பிளேடும் கொஞ்ச நேரத்தில் மழுங்கிவிடும். ஈரமாக இருந்தால் இழுக்கும். இழுத்தால் குதிரைக்கு வலிக்கும். ஒரு முறை வலித்துவிட்டால் அடுத்த வருடம் மெஷின் சத்தத்துக்கே ஓடும். இதற்கு முன் பள்ளியில் யாரோ சலூனில் வைத்திருக்கும் ட்ரிம்மரை வைத்து முயன்றிருக்கிறார்கள். தோளில் உள்ளங்கை அளவு இடம் எடுப்பதற்குள் மோட்டார் புகைந்து போனதாம். அந்தத் தழும்பு இன்னும் ஒரு பள்ளமாகத் தெரிந்தது. குதிரை முடிக்கு அதற்கென்ற கனமான மெஷின்தான் வேண்டும்.

வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. சைஸ் அண்ணன் தயங்கித் தயங்கி, "மயக்க ஊசி போட்டுடலாமா டாக்டர், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். துள்ளும் குதிரைகளுக்குப் போடுவது உண்டுதான். ஆனால் சைலசின், டெட்டோமிடின் வகை மருந்துகள் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் ஏற்பாட்டையே குழப்பக்கூடியவை. ஏற்கெனவே சூட்டோடு போராடும் கிழக் குதிரைக்குக் கோடையில் அதைத் தவிர்ப்பதே நல்லது. அதற்குப் பதிலாக, முந்தைய நாட்களில் தீனி வைக்கும் நேரத்தில் மெஷினைத் தூரத்தில் ஓடவிட்டு, பிறகு பக்கத்தில் கொண்டுவந்து, ஓடாத மெஷினைத் தோளில் வைத்துப் பழக்கச் சொல்லியிருந்தேன். கரடி பந்தய வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சத்தங்களைக் கேட்டவன். காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தான்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லாயத்துத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், குதிரையின் காலில் இரும்பு லாடம் இருக்கும். ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இல்லாத இணைப்பில் வயர் வைத்த மெஷினை நான் தொட மாட்டேன். தரை காய்ந்திருக்க வேண்டும், வயர் எப்போதும் பிடிப்பவரின் தோளுக்குப் பின்னால் போக வேண்டும். கயிற்றைக் கம்பத்தில் கட்டாமல் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டோம்.

பிளேடு விஷயத்தில் நீளமான முடிக்கு உகந்த முரட்டுப் பிளேடையே எடுத்தேன். அது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். கண்காட்சிக்குப் போகும் குதிரைக்கு இன்னும் ஒட்ட எடுப்பார்கள். கோடைக்கு அது கூடாது. தோல் வரை வழித்துவிட்டால் நம்மூர் வெயில் நேராகத் தோலில் விழும்; ஈக்கும் கொசுவுக்கும் கதவைத் திறந்துவிட்டது போலாகும். மூன்று மில்லிமீட்டரில் காற்று உள்ளே போகும், வெயிலும் அவ்வளவாக இறங்காது.

தோளில் ஆரம்பித்தோம். அங்கே தசை கனம், கூச்சம் குறைவு, குதிரைக்கு மெஷினைப் பழக அவகாசம் கிடைக்கும். முடி சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக, நீண்ட ஒரே இழுப்பாக, ஒன்றன் விளிம்பில் மற்றொன்று ஏறுகிற மாதிரி ஓட்ட வேண்டும். விலாவின் கடைசியில் முடி சுழித்திருக்கும் இடத்தில் மெஷினும் சுழிக்கு ஏற்றபடி திரும்ப வேண்டும். முன்னங்கால் அக்குளிலும் தொடைச் சந்திலும் தோல் மடிப்பாக இருக்கும். ஒருவர் முன்னங்காலை மெல்லத் தூக்கி முன்னால் நீட்டிப் பிடிக்க, இன்னொருவர் தோலை விரித்துப் பிடிக்க, மூன்றாவது ஆள் மெஷினை ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் வெட்டு விழுவது அங்கேதான்.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பிளேடைப் புறங்கையில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். நமக்குச் சுட்டால் குதிரைக்கும் சுடும். நிறுத்தி, பிரஷ்ஷால் முடியைத் தட்டி, எண்ணெய் விட்டு, ஆறியதும் தொடர வேண்டும். கிளிப்பர் எண்ணெய் தீர்ந்துபோனால் தையல் மெஷின் எண்ணெய் போதும். பிளேடை மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. துடைக்காமல் அப்படியே ஓட்டினால் புதிதாக முடி எடுத்த தோல் எரிந்து தடிக்கும். அதை விட்டுவிடுங்கள்.

எதையெல்லாம் தொடவில்லை என்பதும் முக்கியம். பிடரியும் வாலும் நெற்றி மயிரும் ஈ விரட்ட அதற்கு வேண்டும். காதின் உட்புற முடி பூச்சிகளைத் தடுக்கிறது. வெளியே நீட்டியதை மட்டும் கத்தரியால் சீராக்கினோம். மூக்கையும் கண்ணையும் சுற்றி இருக்கும் நீண்ட மீசை மயிர்கள் அழகுக்கு இல்லை, அவை தொடு உணர்வு உறுப்புகள். அவற்றை மழித்த குதிரையைச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே முதலில் விட்டுவைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கணுக்காலின் பின்பக்க முடிக்குள் ஈரம் தேங்கிச் செதில் கட்டியிருந்தது, ஆகவே அதையும் எடுத்துவிட்டோம்.

ஒன்பது மணிக்குள் முடிந்தது. தரையில் இரண்டு சாக்கு நிறைய முடி. பள்ளி அம்மையார் கரடியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. முதுகெலும்பு தண்டவாளமாக மேலே நின்றது. "தினமும் பாக்குறோமே, இவ்வளவு இளைச்சது எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார். அந்த முடிக்கு அடியில் எதுவும் தெரியாது, கண்ணால் மட்டும் பார்த்தால் யாருக்கும் தெரியாது. பின்முதுகில் மழைக்காலத்துச் சிரங்கின் காய்ந்த பொருக்குகள் ஒரு திட்டு, பிடரியின் வேரில் உண்ணிகள், இடது விலாவில் வட்டமாக ஒரு படை. தோலைப் பரிசோதிக்க முடி எடுத்ததைப் போல வேறு வழியே இல்லை என்று சொல்லலாம். குளோர்ஹெக்சிடின் கழுவல் தொடங்கினோம், பற்களை ராவினோம், புழு மருந்து கொடுத்தோம். தீனியில் தவிட்டைக் குறைத்து, ஊறவைத்த புல் உருண்டையும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்தோம்.

அப்புறம் நடந்தது

முடி எடுத்த வாரத்தில் அதே மாதிரியான ஒரு பிற்பகல், மூன்று மணி: வெப்பம் 38.7, மூச்சு 44. முன்பு 39.5-ம் 72-ம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் என்னைப் பொறுத்தவரை 44 போதாது. பக்கத்துக் கொட்டடியில் இருந்த கத்தியவாரிக் குதிரை அதே நேரத்தில் 20-ல் அமைதியாக நின்றது.

முடி இருந்தவரை தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்திவந்தபோது மற்ற குதிரைகளுக்குக் கழுத்து, தோள், விலா எல்லாம் நனைந்திருந்தன. கரடிக்குப் பிடரிக்கு அடியிலும் தொடைச் சந்திலும் மட்டும் ஈரம். மீதி உடம்பு கைக்குக் காய்ந்து, சூடாக இருந்தது. முன்பு முடிக்கு அடியில் நான் தொட்ட ஈரம் பெரும்பாலும் குளிப்பாட்டிய தண்ணீர்தான்.

இது வியர்வை வற்றிப்போகும் கோளாறு, அன்ஹிட்ரோசிஸ். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களின் நோய். ஃப்ளோரிடாவில் இருக்கிறது, தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் குளிர் நாடுகளிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த குதிரைகளிடம் இது அன்றே கவனிக்கப்பட்டது. வியர்வைச் சுரப்பிகள் இடைவிடாத தூண்டலால் மரத்துப்போகின்றன என்பது இன்றைய புரிதல். உறுதி செய்யக் கழுத்துத் தோலுக்குள் வியர்வையைத் தூண்டும் டெர்பியூட்டலின் மருந்தைப் பல செறிவுகளில் சிறு புள்ளிகளாக ஊசி போட்டு, அரைமணி நேரம் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான குதிரையிடம் மிக நீர்த்த புள்ளியிலும் வியர்வைத் துளி வரும். கரடிக்குக் கெட்டியான புள்ளிகளில் மட்டும் கொஞ்சம் வந்தது. பகுதி அளவிலான வற்றல்; முழு வற்றல் இல்லை. பி.பி.ஐ.டி. வந்த குதிரைகளில் சில அளவுக்கு மீறி வியர்க்கும், சிலவற்றுக்கு வியர்வை குறைந்துபோகும். கரடி இரண்டாம் வகை.

இதற்கு நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது. குதிரை சுரக்காத வியர்வையை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், அதாவது தண்ணீர். முடி குட்டையாக இருந்ததால்தான் இது பலித்தது. பழைய முடியின் மேல் ஊற்றியிருந்தால் நனைந்த கம்பளத்துக்குள் குதிரையை நிறுத்தியதாகியிருக்கும். பதினொன்றுக்கும் ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் கழுத்திலிருந்து பின்தொடை வரை குழாயால் விடாமல் ஊற்றச் சொன்னேன். சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் விட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்று லாயங்களில் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த ஆய்வுகளிலேயே அந்தப் பயம் தேவையில்லை என்று தெளிவாகிவிட்டது. ஊற்றிவிட்டுப் பேசாமல் போனால் பயனில்லை, தொடர்ந்து ஊற்ற வேண்டும் அல்லது காற்றாடியின் முன்னால் நிறுத்த வேண்டும். சுவரில் எட்டாத உயரத்தில் இரண்டு பெரிய காற்றாடிகள் மாட்டினார்கள். பிடரியைத் தினமும் காலையில் தளரப் பின்னி ஒரு பக்கமாக விட்டதில் கழுத்துக்கும் காற்று கிடைத்தது.

வெயிலைப் பற்றியும் கவலைப்பட்டோம். முடி எடுத்த முதல் பத்து நாள் காலை பத்து முதல் மாலை நான்கு வரை வெளியே விடவில்லை. நெற்றியில் ஓடும் வெள்ளைக் கோட்டுக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பு; மூக்கு நுனி வரை அந்தக் கோட்டில் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு தடவினோம். ஈக்குச் சைஸ் அண்ணனே ஒரு வழி கண்டார். பழைய வெள்ளைக் கொசுவலையை வெட்டி, மார்பிலும் அடிவயிற்றிலும் நாடா வைத்துத் தைத்த போர்வை. கடையில் விற்கும் ஈப் போர்வைகள் சிலவற்றைவிடக் காற்று நன்றாகப் போனது. மாலையில் மட்டும் போடுவது, ஈரமான உடம்பின் மேல் போடாமல் இருப்பது என்று இரண்டு நிபந்தனைகள். வேப்பெண்ணெயை நேராகத் தடவ வேண்டாம், நீர்த்து, முதலில் ஒரு சிறிய இடத்தில் தடவிப் பார்த்துவிட்டு என்று சொன்னேன்.

மலைக்கு அனுப்பலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. சென்னைப் பந்தயக் குதிரைகள் நெடுங்காலம் கோடையை ஊட்டியில்தான் கழித்தன. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பந்தயமே அங்கேதான் நடந்துவந்தது. 2,240 மீட்டர் உயரத்துக் குளிர் அன்ஹிட்ரோசிஸுக்கு நல்ல மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 21 வயதுக் குதிரையை மே வெயிலில் லாரியில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோவது நோயைவிடப் பெரிய தண்டனை. வேண்டாம் என்று முடிவானது.

மே கடைசியில், தண்ணீரும் காற்றாடியும் பழக்கமான பிறகு, பிற்பகல் வெப்பம் 38.4, மூச்சு 28. தாகம் குறைந்திருந்தது. வைக்கோல் பாதிதான் நனைகிறது என்றார் அண்ணன்.

மற்ற குதிரைகளுக்கும் எடுக்கலாமா

கரடி தெளிந்ததைப் பார்த்து அடுத்த கேள்வி வந்தது: "எல்லாத்துக்கும் ஒரு தடவ அடிச்சிடலாமா டாக்டர்?" வேண்டாம். கத்தியவாரி, மார்வாரி போன்ற நம் நாட்டு இனங்களுக்கும் ஆரோக்கியமான தரோபிரெட்டுக்கும் கோடை முடி இயற்கையாகவே குட்டை. அந்த முடி வெயிலின் கதிரை ஓரளவு திருப்பி அனுப்புகிறது, ஈயைத் தடுக்கிறது. அதை எடுப்பதால் ஒரு பைசா லாபம் இல்லை. கோடை கிளிப்பிங் என்பது குளிர் நாடுகளில் அடர்ந்த முடி கொண்ட குட்டைக் குதிரைகளுக்கும், போட்டிக்குப் போகும் குதிரைகளுக்கும் ஏற்பட்ட வழக்கம். அந்த நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே மெஷின் வாங்க வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திறங்கிய வார்ம்பிளட் இனக் குதிரை என்றால் முதல் வருடம் தேவைப்படலாம், அதன் உடம்பு இன்னும் பழைய ஊரின் பகல் நீளக் கணக்கில் இருக்கும்.

காலம் தவறி முடி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் உலகப் போரில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. மேற்குப் போர்முனையில் சொறி பரவாமல் இருக்கப் பிரிட்டிஷ் ராணுவம் குதிரைகளின் முடியை எடுத்தது. 1916-17 குளிர்காலம் மிகக் கடுமையாக வந்தது. பட்டினியும் களைப்பும் சேர்ந்து ஏராளமான குதிரைகள் செத்தன. கோடைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லைதான். ஆனால் முடியை எடுப்பது ஒரு தலையீடு, எடுத்துவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது என்பதைச் சைஸ் பயிற்சிகளில் சொல்ல எனக்கு இந்தக் கதை உதவுகிறது.

கோடையில் முடி கொட்டாத ஒரு குதிரை உங்களிடம் இருந்தால், மெஷினைத் தேடுவதற்கு முன் வயதைப் பாருங்கள், தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள், முடிக்குள் கையை விட்டு விலாவைத் தடவுங்கள், குளம்பு வளையங்களைப் பாருங்கள். பல இடங்களில் வருடா வருடம் முடியை மட்டும் எடுத்துவிட்டு, லாமினைட்டிஸில் குதிரை படுத்த பிறகுதான் மருத்துவரை அழைக்கிறார்கள்.

இப்போதைய நிலை

பி.பி.ஐ.டி. குதிரைக்கு முடி சீக்கிரம் திரும்ப வளரும். ஜூன் கடைசியில் கரடிக்கு மறுபடி ஒன்றரை சென்டிமீட்டர் வந்திருந்ததால், கழுத்திலும் தோளிலும் விலாவிலும் அடிவயிற்றிலும் மட்டும் இரண்டாம் முறை எடுத்தோம். முதுகை விட்டுவிட்டோம், வெயில் விழும் இடம் அது. மருந்து தொடர்கிறது. மறுபடி பார்த்ததில் ஏ.சி.டி.எச். இறங்கியிருக்கிறது, ஆனால் இயல்புக்குள் வரவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறோம். முதுகில் தசை மெல்ல நிரம்புகிறது. சவாரிக்கு இனி இல்லை. காலையில் பிள்ளைகள் தேய்த்துவிடக் கற்றுக்கொள்ள மட்டும் அவனை வெளியே கொண்டுவருகிறார்கள். வெல்லத்துக்குப் பதில் வெள்ளரிக்காய்.

ஐப்பசி மழைக்கு முன் கிளிப்பிங் இல்லை என்று முடிவு. அடுத்த வருடத்துக்கான முதல் முடி எடுப்பைப் பங்குனி கடைசியில், அக்னி நட்சத்திரத்துக்கு மூன்று வாரம் முன்பாகவே வைத்துக்கொள்ளப் போகிறோம். அதற்குள் தோல் வெயிலுக்குப் பழகிவிடும். மெஷின் ஒன்றைப் பள்ளியே வாங்கிவிட்டது. பிளேடுகளைச் சாணை பிடிக்க யாரிடம் அனுப்புவது என்பதுதான் இப்போதைக்குத் தீராத கேள்வி. ஆட்டு ரோமக் கத்தரிகளுக்குச் சாணை பிடிக்கும் ஒருவர் செய்து பார்க்கிறேன் என்று ஒரு ஜோடியை வாங்கிப் போயிருக்கிறார்.